பெட்டி பிசகினால்: ஸ்க்ரோல் சா வேலையில் எந்தக் கோளாறுக்கு எங்கே பார்ப்பது

அக்காவின் வளையல்களுக்கு மாங்காய் வடிவத்தில் ஒரு தேக்குப் பெட்டி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஸ்க்ரோல் சாவில், அதாவது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் மேசை ரம்பத்தில், மூன்று மூடி வெட்டினேன். மூன்றும் பொருந்தவில்லை. முதலில் பிளேடு மட்டம் என்று திட்டினேன், புதுப் பிளேடு போட்டேன். அப்புறம் மரம் சரியில்லை என்று பலகையை மாற்றினேன். கடைசியில் தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி வந்து பார்த்தார். மெஷினை ஓட்டக்கூட இல்லை. "பிளேடு மேல பழி போடாதீங்க தம்பி, மேசைக்கு மூலைமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். மேசை ஒரு டிகிரி சாய்ந்திருந்தது.

பெட்டி வேலையில் கோளாறு பிறக்கும் இடம் ஒன்று, கண்ணில் படும் இடம் வேறு. பொம்மையோ பெயர்ப்பலகையோ வெட்டும்போது ஒரு டிகிரி சாய்வு யாருக்கும் தெரியாது. பெட்டியில் அடுக்கின் மேல் அடுக்கு வருகிறது, அதற்குள் ஒரு மூடி உட்கார வேண்டும். சின்னப் பிசகெல்லாம் கூடிக்கூடி மூடியில் வந்து நிற்கும். அதனால் கீழே எழுதியிருப்பது எல்லாம், கண்ணில் பட்டதிலிருந்து பின்னோக்கிப் போகும் வழி.

நான் செய்யும் பெட்டியின் கணக்கு இது: 15 மி.மீ. தேக்குப் பலகை மூன்று அடுக்கு, ஆக 45 மி.மீ. உயரம். ஒவ்வொரு அடுக்கிலும் உள்வெட்டை எடுத்து, மூன்றையும் ஒட்டி, அப்புறம் வெளிவளைவை ஒரே வெட்டாக வெட்டுவேன். அடிப்பலகை 6 மி.மீ. மூடி 9 மி.மீ., அதன் அடியில் பெட்டிக்குள் இறங்கும் உதடு 6 மி.மீ. உங்கள் அளவு வேறாக இருக்கலாம், கோளாறுகள் இவையேதான்.

வெட்டிய உள்துண்டு ஒரு பக்கமாக மட்டும் வெளியே வருகிறது

உள்வெட்டு முடிந்ததும் நடுத்துண்டை விரலால் தள்ளிப் பாருங்கள். மேலேயும் கீழேயும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் நல்லது. கீழே தள்ளினால் விழுகிறது, மேலே தள்ளினால் இறுகுகிறது (அல்லது மறுதலையாக) என்றால் துண்டு ஆப்பு மாதிரி சரிந்திருக்கிறது. பிளேடுக்கும் மேசைக்கும் நடுவில் 90 டிகிரி இல்லை.

ஒரு டிகிரி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். 15 மி.மீ. பலகையில் அது கால் மி.மீ. சரிவு. ஒட்டினால் உட்சுவரில் படிக்கட்டு மாதிரித் தெரியும், உப்புத்தாள் போட்டே சமாளித்துவிடலாம். அதே ஒரு டிகிரி, ஒட்டிய 45 மி.மீ. கட்டையின் வெளிவெட்டில் ஏறக்குறைய 0.8 மி.மீ. ஆகிவிடும். எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்தால் பெட்டியின் வாய்க்கும் அடிக்கும் ஒன்றரை மி.மீ. வித்தியாசம். என் மூன்று மூடிகளும் அங்கேதான் போயின.

மேசைக்கு அடியில் இருக்கும் டிகிரி அளவுகோலை நம்பாதீர்கள். அது அச்சடித்த தகடு, அவ்வளவுதான். சின்ன மூலைமட்டத்தை மேசையில் நிறுத்திப் பிளேடோடு ஒட்டிப் பாருங்கள். பிளேடு முறுக்கேறிய நிலையில்தான் பார்க்க வேண்டும். தளர்ந்த பிளேடு எந்தப் பக்கமும் சாயும்.

மூலைமட்டத்தைவிட எனக்குப் பிடித்த சோதனை இன்னொன்று. தடித்த கழிவுக்கட்டை ஒன்றில், 40 மி.மீ. இருந்தால் நல்லது, முன்பக்கத்திலிருந்து ஒரு நூல் (சுமார் 3 மி.மீ.) ஆழத்துக்கு மட்டும் வெட்டி நிறுத்துங்கள். கட்டையைக் கவிழ்க்காமல், மேசை மேலேயே அரைச்சுற்றுத் திருப்பி, அந்த வெட்டுத்தடத்தைப் பிளேடின் முதுகுப் பக்கமாகக் கொண்டு வாருங்கள். பிளேடு மேலிருந்து கீழ்வரை தடத்துக்குள் சுலபமாக நுழைந்தால் மேசை நேர். மேலே நுழைந்து கீழே இடித்தால் சாய்வு இருக்கிறது. இந்தச் சோதனை பிசகை இரட்டித்துக் காட்டும் என்பதுதான் இதன் அழகு. கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசத்தில் பாதிக்கு மட்டும் மேசையைத் திருத்துங்கள், மறுபடி வெட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று முறையில் வந்துவிடும்.

மேசை நேராக இருந்தும் சரிவு வருகிறதா? மேல் கவ்வியும் கீழ்க் கவ்வியும் ஒரே நேர்க்கோட்டில் பிளேடைப் பிடிக்கிறதா பாருங்கள். ஒன்றில் பிளேடு ஓரமாக மாட்டியிருக்கும். கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் இது மாறலாம், அதனால் துளைக்குத் துளை பிளேடை நுழைக்கும் வேலையில் அவ்வப்போது ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

இந்தச் சரிவையே வேண்டுமென்று செய்தால் அது பதிப்பு வேலை, ஒரு மரத்துக்குள் இன்னொரு மரத்தைப் பதிப்பது. அடர்நிறமும் வெளிர்நிறமுமாக இரண்டு 6 மி.மீ. பலகையை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேசையை 3 அல்லது 4 டிகிரி சாய்த்து, ஒரே திசையில் சுற்றி வெட்டினால், மேல்பலகையின் துண்டு கீழ்ப்பலகையின் குழியில் இடைவெளி இல்லாமல் உட்காரும். 5ஆம் எண் பிளேடின் கனம் சுமார் 0.4 மி.மீ.; அந்த வெட்டுத்தடத்தை நிரப்பும் அளவுக்குத்தான் சரிவு. பலகை தடித்தால் கோணம் குறையும். நடுவில் திசையை மாற்றிவிட்டால் பாதி இறுகும், பாதி தொளதொளக்கும்.

உள்துண்டு எந்தப் பக்கமும் வர மறுக்கிறது, சுவரில் தொப்பை

இது மேலே சொன்ன கோளாறு மாதிரியே தெரியும், ஆனால் வேறு. துண்டை எப்படியோ எடுத்து, வெட்டிய முகத்தில் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தால் நடுவில் புடைத்தோ குழிந்தோ இருக்கும். மேசையில் பழுது இல்லை. வெட்டும்போது பிளேடு வில்லாக வளைந்திருக்கிறது.

காரணம் இரண்டு. பிளேடு தளர்வு, அல்லது உங்கள் கை. முறுக்கைச் சோதிக்க, மெஷின் நின்றிருக்கும்போது பிளேடை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மி.மீ.க்கு மேல், நகர்ந்தால் தளர்வு. தட்டினால் 'டொப்' என்று செத்த சத்தம் வரக்கூடாது. வீணைத் தந்தி மாதிரி உயர்ந்த சுருதியில் 'டிங்' என்று வர வேண்டும். ஓட ஓடப் பிளேடு சூடாகி நீளும், அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி தட்டிப் பாருங்கள்.

முறுக்கு சரி என்றால் கைதான். வளைவுகளில் நாம் மரத்தைத் திருப்புவதற்குப் பதில் பக்கவாட்டில் அழுத்துகிறோம். பிளேடின் பல் முன்பக்கம் மட்டும்தான் இருக்கிறது. மரம் எப்போதும் பல்லை நோக்கியே போக வேண்டும்.

கோட்டை விட்டு வலப்பக்கமாக இழுக்கிறது

புதிதாக வாங்கியவர்கள் மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்புவது இந்த இடத்தில்தான். கொடுக்க வேண்டாம். பெரும்பாலான பிளேடுகளில் பல் வெட்டும்போதே ஒரு ஓரத்தில் மெல்லிய பிசிறு நின்றுவிடும், சாதாரணமாக வலப்பக்கம். அந்தப் பக்கம் கூடுதலாகக் கடிக்கும், பிளேடும் அங்கேயே போகும்.

கழிவுப் பலகையில் நீளமாக ஒரு கோடு போடுங்கள். எப்படியாவது அந்தக் கோட்டிலேயே பாதித் தூரம் வெட்டி, மரத்தை அசைக்காமல் மெஷினை நிறுத்துங்கள். இப்போது கோடு உங்களுக்கு நேராக இல்லை, கொஞ்சம் திரும்பி நிற்கும். அந்தக் கோணம்தான் உங்கள் பிளேடின் குணம். இனி மரத்தை அந்தக் கோணத்திலேயே பிடித்துத் தள்ளுங்கள். கழுத்து வலித்தால் நாற்காலியை அந்த அளவுக்குத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள், மெஷின் கோபித்துக்கொள்ளாது. ஒரே கட்டு பிளேடுகளுக்கு ஏறக்குறைய ஒரே கோணம்தான் வரும்.

இந்தப் பிசிறால் ஒரு லாபமும் உண்டு. இடப்பக்கத்து வெட்டுமுகம் வழுவழுப்பாக இருக்கும். கழிவுத் துண்டு பிளேடின் வலப்பக்கம் வருகிற மாதிரி திசையைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியில் நிற்கும் முகத்துக்கு உப்புத்தாள் வேலை குறையும்.

பிளேடு அறுந்துகொண்டே இருக்கிறது

எங்கே அறுகிறது என்று பாருங்கள், அதுவே பாதி பதில் சொல்லிவிடும்.

நடுவில், மரத்துக்குள் அறுந்தால்: மழுங்கிய பிளேடை அழுத்தி ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது வளைவில் முறுக்கிவிட்டீர்கள். தேக்கில் மணல்சத்து உண்டு, பல்லை வேகமாகத் தின்றுவிடும். நான் 15 மி.மீ. தேக்கில் ஒரு பிளேடை அரைமணி நேரத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. பிளேடு போனால் பிளேடு, பலகை போனால் பலகையோடு உழைப்பும் போகிறது.

கவ்விக்குப் பக்கத்தில் அறுந்தால்: முறுக்கு அதிகம், அல்லது கவ்வியில் பிளேடு கோணலாக மாட்டி ஒவ்வொரு அடியிலும் அதே இடத்தில் மடங்கி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதை.

அறுகவில்லை, ஆனால் கவ்வியிலிருந்து கழன்று துள்ளுகிறது என்றால் எண்ணெய். துரு பிடிக்காமல் இருக்கப் புதுப் பிளேடில் எண்ணெய் தடவியிருப்பார்கள். இரண்டு முனையையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளில் இரண்டு இழுப்பு இழுத்து மாட்டுங்கள். கவ்வியின் வாயிலும் திருகின் நுனியிலும் சேர்ந்திருக்கும் அழுக்கையும் எடுங்கள். குறடு போட்டுத் திருகை முறுக்குவது வழியல்ல. மரை தேய்ந்துவிடும், அப்புறம் எந்தப் பிளேடும் நிற்காது.

வெட்டுமுகம் கருகுகிறது

மரம் கருகினால் வேகத்தைக் குறை என்பார்கள். சில சமயம் சரி. ஆனால் பெட்டி வேலையில் பெரிய காரணம் வேறு. இந்த மெஷின்களில் பிளேடு மேலும் கீழும் போகும் தூரம் சுமார் 19 மி.மீ. தான். 45 மி.மீ. கட்டையை வைத்தால், நடுவில் இருக்கும் பற்கள் மரத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. தூளை வெளியே தள்ள வழியில்லாமல் அதிலேயே உரசுகின்றன. சூடு அங்கேதான் பிறக்கிறது.

அதனால் தடித்த கட்டைக்குப் பல் அகலமாகத் தள்ளித்தள்ளி இருக்கும் 9 அல்லது 12ஆம் எண் பிளேடு போடுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள், ஆனால் ஒரே இடத்தில் நிற்காதீர்கள். நிற்கும் இடமெல்லாம் கறுப்புப் பொட்டு விழும். பெட்டி கட்ட வேண்டிய கட்டை 50 மி.மீ.க்கு மேல் போனால் பெரும்பாலான வீட்டு மெஷின்களுக்கு அது எல்லை தாண்டியது, அடுக்கைப் பிரித்து வெட்டுங்கள்.

இன்னொரு எளிய வைத்தியம்: மாதிரிப்படம் ஒட்டிய பலகையின் மேல் பார்சல் கட்டும் ஒளிபுகும் டேப்பை ஒட்டிவிடுங்கள். அந்த டேப்பின் வழுக்குப் பூச்சு பிளேடுக்கு எண்ணெய் போட்ட மாதிரி வேலை செய்கிறது. மந்திரம் போல இருக்கும், முதல்முறை நானும் நம்பவில்லை. பிளேடில் மெழுகுவத்தியைத் தேய்ப்பவர்களும் உண்டு. ஒட்ட வேண்டிய முகத்தில் மெழுகு ஏறினால் பசை பிடிக்காது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

நகைப் பட்டறைக்கு விற்கும் மெல்லிய ரம்பப் பிளேடும் இந்த மெஷினில் மாட்டும். விலை குறைவு என்று வாங்கிவிடாதீர்கள். அது உலோகத்துக்கான பல். மரத்தூள் அடைத்துக்கொண்டு நிமிடத்தில் கருகும்.

அடிப்பக்கம் சிலாம்பு பெயர்கிறது

பல் கீழ்நோக்கி வெட்டுவதால் அடிமுகத்தில் நார் பிய்ந்துகொண்டு வரும். பிளைவுட்டில் இன்னும் மோசம். இதற்கென்றே அடிப்பக்கச் சில பற்கள் மேல்நோக்கி இருக்கும் எதிர்ப்பல் பிளேடு கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

வாங்கியும் சிலாம்பு வருகிறது என்று நிறையப் பேர் சொல்வார்கள். பிளேடு மேலே போய் நிற்கும் உச்சியில் மெஷினைக் கையால் சுழற்றி நிறுத்திப் பாருங்கள். அந்த எதிர்ப்பற்களில் இரண்டு மூன்று மேசைக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை என்றால் பிளேடை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மாட்டுங்கள்.

இங்கே இரண்டு யோசனைகள் ஒன்றோடொன்று மோதும். மெல்லிய பலகை வெட்டும்போது பிளேடின் சின்னப் பகுதி மட்டும் தேய்கிறது, மேசை மேல் 12 மி.மீ. பிளைவுட் ஒன்றைப் பொய்மேசையாக வைத்தால் தேயாத பற்களையும் பயன்படுத்தலாம் என்பது நல்ல சிக்கன யோசனை. ஆனால் மரம் உயர்ந்துவிட்டால் எதிர்ப்பற்கள் அதன் அடியை எட்டாது. சிலாம்பு முக்கியமில்லாத வேலைக்கு மட்டும் பொய்மேசை.

கடைசி வழி, பலகைக்கு அடியில் 3 மி.மீ. மட்டப் பிளைவுட்டை டேப் போட்டுச் சேர்த்து வெட்டுவது. சிலாம்பு அதில் பெயரட்டும்.

மரம் டகடகவென்று குதிக்கிறது

உடனே நிறுத்துங்கள். பெரும்பாலும் பிளேடு தலைகீழாக மாட்டியிருக்கும். மெஷின் நின்றபின் பிளேடின் பல்மேல் நகத்தை மெல்ல மேல்நோக்கி நகர்த்துங்கள், சிக்க வேண்டும். கீழ்நோக்கி நகர்த்தும்போது சிக்கினால் தலைகீழ்.

சரியாகத்தான் இருக்கிறது என்றால், வெட்டுத்தடம் பின்னால் மூடிக்கொண்டு பிளேடை இறுக்குகிறது. சரியாகக் காயாத மரத்தில் இது நடக்கும். தடத்தில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகிவிட்டு வெட்டுங்கள். மரத்தை அமுக்கும் கால் இடைஞ்சல் என்று கழற்றி வைத்திருந்தால் தடித்த கட்டைக்காவது திரும்ப மாட்டுங்கள்.

மரம் குதிக்காமல் மெஷினே ஆடினால், தாங்கியின் போல்ட்டுகளை முறுக்கி, அடியில் ரப்பர் பாய் போடுங்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஆட்டம் அதிகமாக இருந்தால் அந்த வேகத்தைத் தவிர்த்துவிட்டு மேலேயோ கீழேயோ ஓட்டுங்கள்.

மாங்காயின் மூக்கு உருண்டுவிடுகிறது

கூர்முனையில் பிளேடைத் திருப்பினால் முனை மழுங்கும், இல்லாவிட்டால் கருகும். முனையைத் தாண்டிக் கழிவுப் பகுதிக்குள்ளே நேராகப் போய், அங்கே ஒரு பெரிய சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து அடுத்த பக்கத்தைத் தொடங்குங்கள். உள்வெட்டில் கழிவு உள்ளேதான் இருக்கிறது, வெளியே தாண்ட முடியாது. அங்கே இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனியாக முனைக்கு வந்து சேருங்கள்: ஒரு பக்கம் முனைவரை வெட்டி, பிளேடை அதே தடத்தில் பின்னால் கொண்டு வந்து, கழிவுக்குள் திரும்பி, மறுபக்கமாக முனைக்குப் போவது.

மூடியில் கோலம் போட்டேன், நடுவெல்லாம் உதிர்ந்துவிட்டது

இது மெஷின் கோளாறே இல்லை, வரைபடக் கோளாறு. ஆனாலும் நம் ஊரில் மூடிக்கு அலங்காரம் என்றால் முதலில் தோன்றுவது கோலம்தான் என்பதால் சொல்ல வேண்டும்.

சிக்குக் கோலத்தில் கோடு எங்கேயும் முடியாமல் புள்ளிகளைச் சுற்றி வந்து தன்னோடு சேர்ந்துகொள்ளும். அந்தக் கோட்டின் மேல் பிளேடை ஓட்டினால், கோடு சூழ்ந்த இடமெல்லாம் தனித்தனித் தீவாகி விழும். விழத்தான் செய்யும். அதைத் தலைகீழாக யோசியுங்கள்: கோடு மரமாக நிற்கட்டும், புள்ளி இருக்கும் இடைவெளிகளை வெட்டி எடுங்கள். கோலத்தின் கோடு தொடர்ச்சியாக, ஒன்றையொன்று வெட்டிப் போவதால் முழுக்க ஒரே வலையாக நிற்கும். வெளிச்சுற்று வளைவுகள் மூடியின் சட்டத்தைத் தொட்டு நிற்கும்படி வரைந்தால் போதும். பாட்டிமார் அரிசிமாவில் போட்டது மரச் சன்னலுக்கென்றே வரைந்த மாதிரி இருக்கும்.

கோட்டின் அகலம் ஒரு நூலுக்குக் குறையக்கூடாது. அப்படியும் ஒடிந்தால், எங்கே ஒடிகிறது பாருங்கள். மர ரேகைக்குக் குறுக்காகப் போகும் இடங்களில்தான் ஒடியும், அங்கே நார் நீளமாக இல்லை. தேக்கு முகம் ஒட்டிய பிளைவுட்டில் வெட்டினால் இந்தத் தொல்லை கிடையாது. திடமரமே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் இரண்டு மெல்லிய பலகையை ரேகை குறுக்கு நெடுக்காக ஒட்டிக்கொள்ளுங்கள்.

வெட்டும் வரிசையும் முக்கியம். நடுவிலிருந்து வெளியே வாருங்கள். வெளியிலிருந்து ஆரம்பித்தால் நடுவுக்கு வரும்போது பலகைக்குத் தெம்பு இருக்காது. பிளேடு நுழையும் துளைக்கு ஒன்று, ஒன்றரை மி.மீ. பிட் போதும். ஆனால் உங்கள் மெஷின் முனையில் குறுக்கு ஊசி வைத்த பிளேடு மட்டும் ஏற்கும் வகை என்றால் ஒன்றரை, இரண்டு நூல் துளை தேவைப்படும். கோல வேலைக்கு அது ஒத்துவராது. வாங்கும்போதே ஊசியில்லாத பிளேடும் மாட்டுமா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒடிந்துபோனதை எறிய வேண்டாம். அதே மரத்தின் தூளை விரிசலில் திணித்து ஒரு சொட்டு சூப்பர் குளூ விட்டால் உடனே பிடித்துக்கொள்ளும், உப்புத்தாள் போட்டபின் தேடினாலும் கிடைக்காது.

மாதிரிப்படம் உரிய மாட்டேன் என்கிறது

ஹேர் டிரையரால் சூடாக்கினால் பசை இளகும். மிச்சப் பிசுக்கை டர்பென்டைன் துணியால் துடையுங்கள். அடுத்த தடவை பலகையில் முதலில் மாஸ்கிங் டேப், அதன்மேல் படம்.

அடுக்குகள் வழுக்குகின்றன, அல்லது சில மாதத்தில் பிரிகின்றன

கிளாம்ப் இறுக்கும்போது அடுக்கு நகர்ந்துவிடுகிறதா? பசை தடவியபின் நாலைந்து கல் உப்புத் துணுக்கைப் பொடித்துத் தூவுங்கள். பரல்கள் மரத்தில் கடித்து நிற்கும். உறுதியாக வேண்டும் என்றால் வெளிவெட்டில் கழிந்துபோகும் ஓரத்தில் இரண்டு சின்ன ஆணி அடித்து, தலையை வெட்டி, அடுத்த அடுக்கை அதில் அமுக்குங்கள். அந்த ஆணி இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். நான் ஒருமுறை குறிக்காமல் விட்டு, வெட்டுக்கோடு ஆணியிலேயே போய், பிளேடு கண்ணுக்கு நேராகத் துள்ளியது. கண்ணாடி போட்டிருந்தேன்.

பிரிவது வேறு விஷயம். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. மேலே வந்து நிற்கும் எண்ணெயில் வெள்ளைப் பசை ஊறாது, மேலாகக் காய்ந்து உட்கார்ந்திருக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன்பு உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோன் அல்லது தின்னரால் துடைத்து, அது பறந்ததும் உடனே ஒட்டுங்கள். நேற்று துடைத்து இன்று ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும். பலாவிலும் வேம்பிலும் எனக்கு இந்தப் பிரச்சினை வந்ததில்லை.

அடிப்பலகையைக் கடைசியாக ஒட்டுங்கள். அது இல்லாதவரை உட்சுவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் உப்புத்தாள் போடலாம். ஒட்டியபின் உள்ளே பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் துடைத்தால் மரத்தில் ஏறிக் கறையாகும். ரப்பர் மாதிரி ஆகும்வரை காத்திருந்து உளிமுனையால் சீவி எடுங்கள்.

தேய்க்கும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். தேக்குத்தூளும் தோதகத்தித்தூளும் சிலருக்குத் தும்மலில் தொடங்கித் தோல் தடிப்பு வரை போகும்.

மூடி ஆடுகிறது, மூடி திறக்க மறுக்கிறது

இரண்டும் ஒரே கேள்வியின் இரண்டு முனைகள்: எவ்வளவு இடைவெளி விடுவது?

உள்வெட்டில் கிடைத்த கழிவுத் துண்டையே மெல்லிசாக்கி மூடியின் உதடாக ஒட்டுவது சிக்கனமான வழி. ஆனால் வெட்டுத்தடமும், உட்சுவரில் உப்புத்தாள் தின்றதும் சேர்ந்து சுற்றிலும் ஒரு மி.மீ. வரை தொளதொளப்பு வந்துவிடும். ஆடுகிறது என்றால் உதட்டைச் சுற்றி மெல்லிய வெல்வெட் துணி ஒட்டுங்கள், வளையல் பெட்டிக்குப் பொருத்தமாகவும் இருக்கும். துணி வேண்டாம் என்றால் பெட்டியைத் தேய்த்து முடித்தபின், அதன் வாயைக் காகிதத்தில் பென்சிலால் நேரடியாக வரைந்து, அந்தக் கோட்டில் புது உதடு வெட்டுங்கள்.

நான் அப்படித்தான் வெட்டினேன், கச்சிதமாக. கோவையில் மாசி மாத வெயிலில் மூடி 'சுக்' என்று உட்கார்ந்தது. பெருமை தாங்கவில்லை. பெட்டி சென்னைக்கு அக்கா வீட்டுக்குப் போனது. ஐப்பசி அடைமழையில் போன் வந்தது. "டேய், உன் பெட்டிக்குள்ள என் வளையல் எல்லாம் மாட்டிக்கிச்சு. மூடி அசையவே மாட்டேங்குது."

மரம் ஈரத்தில் உப்பும். ரேகையின் நீளத்தில் உப்புவது கணக்கில் வராத அளவு, குறுக்கே மட்டும்தான். 100 மி.மீ. அகலத்துக்கு வெயில் காலத்துக்கும் மழைக் காலத்துக்கும் நடுவில் அரை முதல் ஒரு மி.மீ. வரை வித்தியாசம் வரலாம். என் மூடியின் உதடும் பெட்டியும் ஒரே ரேகைத் திசையில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே உப்பியிருக்கும். மூடியில் ரேகை அழகாகத் தெரிய வேண்டும் என்று அதைக் குறுக்காகத் திருப்பி வெட்டியிருந்தேன். பெட்டி நீளவாக்கில் நிற்க, உதடு அதற்குள்ளே விரிந்து முட்டிக்கொண்டது.

மூடி இறுகவில்லை, ஆனால் கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டது என்றால் பாலிஷைப் பாருங்கள். வெளிமுகத்துக்கு மூன்று பூச்சு, உள்முகத்துக்கு ஒன்றுமில்லை என்றால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிக்கும், வளையும். உள்ளேயும் வெளியேயும் ஒரே எண்ணிக்கைப் பூச்சு.

அக்காவிடம் உளி, கத்தி எதையும் வைத்து நெம்பாதே என்று சொன்னேன். ஏ.சி. இருக்கும் அறையில் பெட்டியை நாலு நாள் வைக்கச் சொன்னேன். மூன்றாம் நாளே மூடி தானாக வந்துவிட்டது. பொங்கலுக்குப் போனபோது உதட்டின் இரண்டு பக்கம் மட்டும், ரேகைக்குக் குறுக்கே விரிகிற பக்கம், பக்கத்துக்கு அரை மி.மீ. தேய்த்து, தேய்த்த இடத்துக்கு அரக்குப் பாலிஷ் அடித்துவிட்டு வந்தேன். மற்ற பக்கங்களைத் தொடவில்லை.